வேரை வாங்கியவர்

சகேயாசி நம்புக்கா கோபக்காரர். தீவின் கடலோரத்து நவூனி ஊரில் இதை மறுப்பதற்கு ஆளில்லை. இளமையில், ரக்பி ஆட்டத்தின் நடுவே நடுவருடைய ஊதலைப் பிடுங்கிக் கடலில் எறிந்தவர். கரும்பு லாரி ஓட்டிய காலத்தில், ஆலை வாசலில் வரிசையை மீறித் தமக்கு முன்னே புகுந்த வண்டியின் சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தம் முறை முடியும்வரை தர மறுத்தவர். "எங்க வீட்டுல அடுப்பு எதுக்கு? இவரு பக்கத்துல சட்டிய வெச்சாலே கொதிச்சிடும்" என்பாள் அவருடைய மனைவி மெரேவலெசி.

அந்தக் கோபம் ஓரிடத்தில் மட்டும் அவரைவிட்டு விலகி நிற்கும். ஊர்க்கூடத்துப் பாயில், 'ராத்து' என்ற பட்டம் தாங்கிய ஊர்த்தலைவர் எமோசிக்கு முன்னால் சம்மணமிட்டு அமர்ந்தால், அவருடைய குரல் பதமாகிவிடும். நவூனியின் தலைவர் வெளியாரிடம் நேரே பேசுவதில்லை. தலைவருக்காகப் பேசும் கடமை சகேயாசியின் குடிக்கு உரியது. 'மண்ணின் முகம்' என்பது அப்பதவியின் பெயர். தந்தை இறந்தபின் மூத்த மகனாகிய அவரிடம் அது வந்து சேர்ந்தது.

வெளியார் எவராயினும் இடித்துக் கரைத்துக் குடிக்கும் யங்கோனா வேர் ஒரு கட்டுடன்தான் ஊருக்குள் வர வேண்டும். அதைப் பாயின்மேல் வைத்துத் தலைகுனிந்திருப்பார்கள். சகேயாசி அதைத் தொட்டு எடுத்து, "இந்த வேரை வாங்கிக்கொண்டோம். வந்தவர்கள் எங்கள் கூரையின்கீழ் இருக்கிறார்கள். நிலம் விளையட்டும், கடல் கொடுக்கட்டும்" என்று வழிவழி வந்த சொற்களைச் சொல்லி, உள்ளங்கைகளைக் குழித்துத் தட்டுவார். அதற்குப் பின்னரே, வந்தவர் தாம் வந்த காரியத்தைச் சொல்லலாம். வேரை வாங்குமுன் காரியத்தை விசாரிப்பது, விருந்தாளியை வாசலில் மறித்து "எதுக்கு வந்தே?" என்று கேட்பதற்குச் சமம். அப்படிக் கேட்டவர் எவரும் அந்தக் குடியில் பிறந்ததில்லை.

அந்த வழக்கமே அவரைக் கூண்டில் ஏற்றியது.

ஒசேயா என்பவன் ஒரு சனிக்கிழமை முற்பகலில் ஆளும் சரக்கும் ஏற்றும் கேரியர் வண்டியில் வந்திறங்கினான். அதே கடற்கரையில் பிறந்து, சிட்னிக்குப் போய்ப் பல ஆண்டுகள் வாழ்ந்தவன். அந்த வெயிலிலும் கறுப்புக் கோட்டு அணிந்திருந்தான். உடன் வந்த மூவருள் ஒருவன் கைப்பேசியைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டே நடந்தான். வேர் நல்ல வேர், கட்டும் பெரிது. சகேயாசி அதை வாங்கி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, கைதட்டினார். மரத்தொட்டியில் யங்கோனா கரைக்கப்பட்டது. சிரட்டை ஒரு சுற்று வந்தது.

அதன்பின் ஒசேயா பையைத் திறந்து ஒரு கொடியை எடுத்து விரித்தான். அந்தக் கரையோரம் இனி அரசுக்குச் சொந்தமில்லை என்றும், அது தனி நாடு என்றும், அதற்குத் தானே தலைவன் என்றும், நவூனி மக்கள் எழுந்து நின்று விசுவாச உறுதிமொழி கூற வேண்டும் என்றும் அறிவித்தான்.  சகேயாசி தலைவரின் முகத்தைப் பார்த்தார். ராத்து எமோசி பாயின்மேல் வைத்திருந்த கையை மெல்லப் புரட்டினார். வேண்டாம் என்பது அதன் பொருள்.

"உங்க வேரை வாங்கிக்கிட்டோம். உங்க கொடிய வாங்கிக்கல. மடிச்சு வெச்சுட்டுச் சாப்பிட வாங்க" என்றார் சகேயாசி.

"இப்பதானே வாங்கிக்கிட்டோம்னு சொன்னீங்க?"

"வேரைத்தான் தம்பி. நாட்டை எப்ப நீ பாயில வெச்சே, நான் எடுக்கறதுக்கு?"

கூடம் சிரித்தது. ஒசேயாவும் சிரிப்பதுபோல் பல்லைக் காட்டிவிட்டு, தேங்காய்ப்பாலில் வெந்த மீனையும் மரவள்ளிக்கிழங்கையும் வயிறார உண்டு, மாலைக்குள் போய்விட்டான். அடுத்த வாரம் விமானமேறிச் சிட்னி போய்ச் சேர்ந்தான். போன கையோடு அந்தப் படத்தை இணையத்தில் ஊரறிய வெளியிட்டான். வேரை வாங்கியதும், கைதட்டியதும், கொடி விரிந்ததும் அதில் இருந்தன. கொடியை மடிக்கச் சொன்னது இல்லை. 'நவூனி நம்முடன்' என்று அதற்குத் தலைப்பிட்டிருந்தான். சகேயாசியின் முகத்துக்குக் கீழே 'வெளியுறவு அமைச்சர்' என்றும் எழுதியிருந்தான்.

போலீஸ் வந்தது. சும்மா வரவில்லை, முறைப்படி வேருடன் வந்தது.

வேரைக் கையில் ஏந்தி முன்னால் வந்தவர் கார்ப்பரல் ஃபிலிமோனி. சகேயாசிக்குத் தாய்மாமன் மகன். அந்தத் தீவில் மச்சான்மார் ஒருவரையொருவர் கேலி செய்யாமல் பேசினால், ஏதோ மனத்தாங்கல் என்று ஊர் சந்தேகிக்கும். ஃபிலிமோனிக்குப் பின்னால் தலைநகரத்து ஆய்வாளர் ஒருவர் விறைப்பாக நின்றார். சகேயாசி பாயில் அமர்ந்து, ஒசேயாவின் வேரை வாங்கிய அதே சொற்களைச் சொல்லி, போலீஸின் வேரையும் வாங்கினார்.

"வாங்கிக்கிட்டியா, மச்சான்?"

"வாங்கிக்கிட்டேன். என்ன காரியம்? எவன் மாடு காணாமப் போச்சு?"

"மாடு இல்ல. மந்திரி. வெளியுறவு மந்திரியத் தேடி வந்திருக்கோம்."

"யாருடா அது?"

"நீதான்! சிட்னிலேர்ந்து பதவி வந்திருக்குதே, தெரியாது? காரை எங்க ஒளிச்சு வெச்சிருக்கே?"

ஊர் கொல்லென்று சிரித்தது. சகேயாசியும் தொடையில் அடித்துச் சிரித்தார். ஃபிலிமோனி மட்டும் சிரிக்கவில்லை. ஆய்வாளர் விலங்கை வெளியே எடுத்தபோதுதான் மற்றவர்களுக்கு அதன் காரணம் விளங்கியது.

கூடத்துக்கு வெளியே நின்ற இளைஞர்கள் கல்லெடுத்தார்கள். ஒருவன் கரும்பு வெட்டும் கத்தியுடன் படியேறினான். சகேயாசியின் குரல் முகடு அதிர எழுந்தது: "கீழ போடுங்கடா! அவங்க வேரை நான் வாங்கிட்டேன். இந்தக் கூரைக்குக் கீழ அவங்க மேல ஒரு தூசு விழக்கூடாது!"

தம்மைப் பிடிக்க வந்தவர்களைத் தம் ஊராரிடமிருந்து அவரே காப்பாற்றினார். பின்பு அவர்களுடைய வண்டியில் தாமே ஏறினார்.

"மன்னிச்சுக்க மச்சான். மேலிடத்து உத்தரவு" என்று வண்டியில் ஃபிலிமோனி முணுமுணுத்தார்.

"உங்க மேலிடத்துக்கு எங்க வரவேற்பும் வேணும், விருந்தும் வேணும், விலங்கும் மாட்டணும். வெக்கமா இல்லையாடா?"

குற்றச்சாட்டு இரண்டு. நாட்டின் இறையாண்மைக்கு எதிரான உறுதிமொழியை ஏற்றது ஒன்று. அரசின்மீது வெறுப்பைத் தூண்டும் கூட்டத்துக்குத் துணைபுரிந்தது மற்றொன்று. கொடியைக் கொண்டுவந்தவன் கடலுக்கு அப்பால் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். அதை வேண்டாமென்றவர் குற்றவாளியானார். நாட்டைக் காக்கும் சட்டம் என்று பெயர். அன்று அது காத்தது யாரை என்று கேட்க நவூனியில் பலருக்கும் வாய் துடித்தது. கேட்டால், அதுவும் வெறுப்பைத் தூண்டுவதாகிவிடும் என்று அஞ்சி, பல்லைக் கடித்துக்கொண்டார்கள்.

பிணையில் வந்தவருக்கு வழக்காட ஷர்மிளா கவுண்டர் என்ற பெண் நியமிக்கப்பட்டாள். கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலில் வந்த தமிழர்களின் வழிவந்தவள். சுற்றி வளைத்துப் பேச அறியாதவள்.

"மாமா, கேஸு ரொம்ப லேசு. 'அது வெறும் சடங்கு, யாரு வந்தாலும் சொல்ற வார்த்தை, அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது'ன்னு ஒரே ஒரு தடவை சொல்லிடுங்க. வீட்டுக்குப் போயிடலாம்."

"அர்த்தமில்லாததையா எங்கப்பன் சாகற வரைக்கும் சொன்னான்?"

"நான் அப்படிச் சொல்லல, மாமா."

"நீ சொல்லல. என்னைத்தான் சொல்லச் சொல்றே."

"ஜெயில் மாமா! வருஷக்கணக்குல உள்ள போட்டுடுவாங்க."

"உன் கழுத்துல கெடக்கற தாலி வெறும் கயிறுன்னு சொன்னா விட்டுடறேன்னு போலீஸ் சொல்லுது. நீ சொல்லுவியா?"

"சில நாளு போலீஸ் கேக்காமயே சொல்லியிருப்பேன். என் புருஷன உங்களுக்குத் தெரியாது" என்று சிரித்தாள் அவள். சகேயாசி சிரிக்கவில்லை. அவளும் நிறுத்திக்கொண்டு, குறிப்பேட்டை மூடி வைத்தாள். "சரி. அப்ப இன்னும் ஒரே வழிதான் இருக்கு. கொடிய வேணாம்னு முடிவு பண்ணினது ராத்து. அவரு வந்து, 'நான்தான் வேணாம்னேன், அதத்தான் இவரு சொன்னாரு'ன்னு சாட்சி சொல்லணும். ஊர்க்காரங்க சொன்னா, சொந்தக்காரங்கன்னு ஒதுக்கிடுவாங்க. தலைவரு சொன்னா ஒதுக்க முடியாது."

அன்று மாலையே சகேயாசி தலைவரின் வீட்டுக்குப் போனார். செய்தியை முறையாகச் சொன்னார். ராத்து எமோசி பாயின் ஓரத்தை விரலால் நீவியபடி இருந்தார். அவருடைய மூத்த மகன்தான் பேசினான். "அப்பா அடுத்தவன் கூடத்துல வாயத் தொறக்க மாட்டாரு. அவருக்குப் பதிலாப் பேசற ஆளு நீங்க. நீங்களே கூண்டுல நின்னா அவருக்கு அங்க யாரு பேசுவா? அதுவுமில்லாம, போனா அவரையும் கேஸுல சேத்து எழுதிக்குவான்."

முதல் பாதி வழக்கம். இரண்டாம் பாதி அச்சம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டான். சகேயாசி தலைவரையே நோக்கினார். தலைவர் பாயையே நோக்கினார். "நல்லது, ராத்து" என்று மெல்லக் கைதட்டிவிட்டு அவர் எழுந்து வந்தார்.

வீட்டில் தண்ணீர்ப் பாத்திரத்தை எட்டி உதைத்தார்.

"அங்க கத்த வேண்டியத இங்க வந்து கத்தறீங்க. பாத்திரம் என்னய்யா பண்ணிச்சு?" என்றாள் மெரேவலெசி.

"அங்க கத்த முடியாது."

"ஏன்?"

"அந்தப் பாயில உக்காந்தா நான் நான் இல்லடி."

"அப்ப ஜெயில்ல உக்காரப் போறது யாரு? அவரா, நீங்களா?"

சகேயாசி உருண்டு கிடந்த பாத்திரத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

நீதிமன்றத்தில் அரசு வழக்கறிஞரும் அந்த மண்ணுக்காரர்தாம். கறுப்பு அங்கிக்குக் கீழே, தீவினர் இடுப்பில் உடுத்தும் சுலு கட்டியிருந்தார். எத்தனையோ ஊர்களில் வேர் வைத்துத் தலைகுனிந்திருப்பார். அதையெல்லாம் வாசலில் கழற்றி வைத்தவர்போல, புருவத்தை உயர்த்திக் கேட்டார்.

"வேரை வாங்கினீங்களா, இல்லையா?"

"வாங்கினேன்."

"மனசாரவா?"

"மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு வாங்க எங்கப்பன் எனக்குச் சொல்லிக் குடுக்கல."

"அப்ப அந்த ஒசேயாவ ஏத்துக்கிட்டீங்க."

ஷர்மிளா அவரைப் பார்த்தாள். வெறும் சடங்கு என்ற இரண்டு சொற்கள் போதும், கதவு திறந்துவிடும். சகேயாசியும் அவளைப் பார்த்தார். பிறகு நீதிபதியின் பக்கம் திரும்பினார்.

"ஆளை ஏத்துக்கிட்டேன். எங்க ஊருல இருக்கற வரைக்கும் அவன் மேல ஒரு கல்லு விழாதுன்னு ஏத்துக்கிட்டேன். அது சத்தியம். சும்மா பேச்சுக்குச் சொன்னது இல்ல. அவன் கொடிய மடிச்சு எடுத்துட்டுப் போகச் சொன்னேன். அதுவும் சத்தியம்."

ஷர்மிளா கண்ணை மூடிக்கொண்டாள்.

"மடிக்கச் சொன்னது படத்துல இல்லையே?"

"படம் புடிச்சவன் அவன் ஆளு. வேணாம்னு சொன்னத அவன் எதுக்கய்யா காட்டுவான்?" குரல் ஏறத் தொடங்கியது. "உங்க போலீஸும் வேரோடதான் வந்துச்சு. அதே வார்த்தை சொல்லித்தான் அதையும் வாங்கினேன். ஒசேயா வேரை வாங்கினதால நான் அவன் நாட்டு மந்திரின்னா, போலீஸ் வேரை வாங்கினதால நான் போலீஸா? எனக்கு எந்த ஸ்டேஷன்? சீருடை எங்கே?"

பின்வரிசை சிரித்தது. நீதிபதி மேசையைத் தட்டினார். வாசலில் காவலுக்கு நின்ற ஃபிலிமோனி தம் காலணியைப் பார்த்துக்கொண்டார்.

"எங்க பசங்க கல்லெடுத்தப்ப அந்த வார்த்தைய வெச்சுத்தான் அடக்கினேன். அது வெறும் வார்த்தையா இருந்திருந்தா, உங்க ஆய்வாளரு மண்டையோட ஊர் போய்ச் சேர்ந்திருக்க மாட்டாரு. ஒசேயா எங்கே? கேளுங்க! அவனப் புடிக்க உங்க கை கடலத் தாண்டாது. என் வீடு ரோட்டோரமா இருக்குது, வண்டிய நிறுத்த வசதி. அதானே நான் பண்ணின குத்தம்?"

"உட்காருங்கள்" என்றார் நீதிபதி. சகேயாசி உட்காரவில்லை. காவலர் இருவர் தோளை அழுத்த வேண்டியிருந்தது.

தலைவர் வரவில்லை. ஊராரின் சாட்சி, ஷர்மிளா சொன்னதுபோலவே, உறவினர் சாட்சியாக ஒதுக்கப்பட்டது.

உறுதிமொழி ஏற்றதாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று முதல் குற்றச்சாட்டிலிருந்து நீதிபதி அவரை விடுவித்தார். இரண்டாவதில் விடுவிக்கவில்லை. வரவேற்பு வெறும் சடங்கு அன்று என்று குற்றம் சாட்டப்பட்டவரே ஒப்புக்கொண்டமையால், அது அந்தக் கூட்டத்துக்கு ஊரின் இசைவு என்ற தோற்றத்தைத் தந்தது என்பது தீர்ப்பு. சிறைத்தண்டனை நிறுத்திவைக்கப்பட்டது. மூன்றாண்டுக் காலம் அவர் வெளியார் எவரையும் ஊர் சார்பாக வரவேற்கலாகாது, வேர் பெறலாகாது, எந்தக் கூட்டத்துக்காகவும் பேசலாகாது. மீறினால் சிறை என்பது நிபந்தனை.

"வெளிய வந்துட்டோம் மாமா. அதுவே பெருசு" என்றாள் ஷர்மிளா, படிக்கட்டில்.

"கையையும் வாயையும் உள்ளயே விட்டுட்டு வந்திருக்கேன்மா" என்றார் அவர்.

பதவி முறைப்படி தம்பி தெவிதாவுக்குப் போக வேண்டும். தெவிதா மறுத்துவிட்டான். "அண்ணன் உசிரோட இருக்கறப்ப அந்தப் பாயில நான் உக்கார மாட்டேன். செத்தப்புறம் வந்து கேளுங்க. அதுவும் நான் இருந்தா." அந்தக் குடியின் மற்ற ஆண்களும் அதையே சொன்னார்கள். வேரை வாங்க ஆளில்லாததால், தேவாலயத்துக்கு வரும் போதகர்கூட வேரின்றி, ஓசையின்றி வந்து போகலானார்.

இரண்டாம் ஆண்டில் ஊரின் முன்னால் கடல் அரிப்பைத் தடுக்க அரசு சுவர் கட்டி முடித்தது. அதைத் திறந்துவைக்க அமைச்சர் ஒருவர் வருவதாக அறிவிப்பு வந்தது. குறித்த நாளில் வண்டிகள் ஊரெல்லையில் ஈரப்பலா மரத்தடியில் வந்து நின்றன. அமைச்சர் முறை தெரிந்தவர்; வேர்க்கட்டுடன் இறங்கி, அழைப்புக்காக நின்றார். அழைக்க எவரும் வரவில்லை. மரத்தின் நிழல் மெல்ல நகர்ந்து அவரைவிட்டுப் போனது.

மாவட்ட அலுவலர் ஒருவர், தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக, வியர்க்க வியர்க்க ஊருக்குள் ஓடிவந்தார். சகேயாசி வீட்டு வாசலில் சேம்பங்கிழங்கு சீவிக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது? மந்திரி வெயில்ல நிக்கறாரு! வாங்க, வந்து வேரை வாங்குங்க."

"வாங்கினா ஜெயில். தீர்ப்புல எழுதியிருக்குது."

"அதெல்லாம் நாட்டுக்கு எதிரா வர்றவங்களுக்கு. நமக்கு இல்ல."

"வெளியாரு எவரையும்னு போட்டிருக்கான். உங்க மந்திரி எங்க ஊர்ல பொறந்தவரா?"

"நான் பாத்துக்கறேன்."

"எனக்கு விலங்கு மாட்டினவனும் வேரோட வந்தவன்தான். நீங்க பாத்துக்கிட்டது போதும்."

"இது அரசாங்கத்த அவமானப்படுத்தற காரியம். தெரியுதா?"

சகேயாசி கத்தியைக் கீழே வைத்தார். "அரசாங்கம் சொன்னதத்தான் எழுத்துக்கு எழுத்து செய்யறேன். அவமானமா இருந்தா எழுதினவனப் போயி கேளு. மொதல்ல அந்தத் தொப்பிய எடு. ஊருக்குள்ள அதப் போட்டுக்கிட்டு நடக்கக்கூடாதுன்னு உங்கம்மா சொல்லித் தரலையா? உங்க வேரை இங்க யாரும் வாங்கல. நீ எங்க கூரைக்குக் கீழ இல்ல. கல்லெடுத்தா அடக்கறதுக்கு இப்ப எனக்கு அதிகாரமும் இல்ல. பசங்க பாக்கறதுக்குள்ள கெளம்பு."

அலுவலர் தொப்பியைக் கையில் எடுத்தார். பின்வாங்கினார். ஊர் நாய்கள் இரண்டு அவரை எல்லைவரை வழியனுப்பின. சற்று நேரத்தில் வண்டிகள் திரும்பும் ஓசை கேட்டது. மெரேவலெசி உள்ளிருந்து வந்து எட்டிப் பார்த்தாள்.   அவர் பாதி சீவிய கிழங்கைத் தட்டில் போட்டார். நவூனிக்கு வந்த வேர் ஒன்று வாங்கப்படாமல் திரும்பிப் போனது அதுவே முதன்முறை. அதைத் திருப்பிய கை அவருடைய கை.

ராத்து எமோசி ஆளனுப்பினார். கூடத்தில் அவர் தனியாக அமர்ந்திருந்தார். சகேயாசி எதிரில் அமர்ந்தார்.

"போயிட்டாங்களா?"

"போயிட்டாங்க, ராத்து."

"வேரோடவா?"

"வேரோடதான்."

 வெளியே புதிய சுவரில் அலை மோதிக்கொண்டிருந்தது. "அன்னிக்கு நான் கோர்ட்டுக்கு வந்திருக்கணுமோ?" என்றார் தலைவர்.

தலைவர் அப்படிக் கேட்டால் மண்ணின் முகம் சொல்ல வேண்டிய விடை ஒன்று உண்டு. தலைவர் செய்தது எதுவோ அதுவே சரி என்று தணிந்து சொல்லி, கைதட்டி, அவருடைய மனச்சுமையை இறக்கிவைக்க வேண்டும். அந்தச் சொற்களும் அவருக்கு மனப்பாடம்தான். ராத்து எமோசி அவற்றுக்காகக் காத்திருந்தார்.

"ஆமா. வந்திருக்கணும்" என்றார் சகேயாசி.

கரும்பாலை வாசலில் ஒலித்த குரல் அது. கூடத்துக்கு வெளியே வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலைநிமிர்ந்தார்கள். தலைவருடைய உதடுகள் பிரிந்தன. அவருக்காகப் பேச அங்கே வேறு ஒருவரும் இல்லை. சகேயாசி விடைக்குக் காத்திராமல் எழுந்து, கிழங்கைச் சீவி முடிக்க வீட்டுக்குப் போனார்.